ஒரு பொருள், ஒரு கதை: வெடிபஞ்சிலிருந்து விரல் நுனிக்கு... நெயில் பாலிஷ் வந்த பாதை!

ஃபேன்ஸி ஸ்டோரில் வளையலுக்கும் ஹேர் கிளிப்புக்கும் நடுவே வரிசை கட்டி நிற்கும் குட்டி குட்டி பாட்டில்கள். சிவப்பு, மெரூன், ரோஸ் என்றிருந்த காலம் போய் நீலம், பச்சை, கறுப்பு வரை வந்துவிட்டன. கல்யாணம், திருவிழா, ஸ்கூல் ஆண்டு விழா எதுவாக இருந்தாலும் வீட்டில் ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலாவது திறக்கப்படும். அக்கா போட்டுக்கொண்டால், தங்கையும் பத்து விரல்களையும் நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

அந்தச் சின்ன பாட்டிலுக்குள் இருக்கும் பொருளுக்கு பீரங்கி வெடிமருந்தோடு சொந்தம் உண்டு. பழைய சினிமா படச்சுருளும் கார் பெயின்ட்டும் அதற்கு ஒன்றுவிட்ட உறவு. பூஜையறைக் கற்பூரம்கூட அந்தக் குடும்பத்தில் வருகிறது. இதையெல்லாம்விட முக்கியமானது, அந்த பாலிஷ் மறைத்து வைக்கும் நகம். நம் உடம்பில் கடந்த 6 மாதங்களில் நடந்தவற்றில் சிலவற்றை நகம் அப்படியே பதிவு செய்து வைத்திருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் 'நெயில் பாலிஷை அழிச்சிட்டு வாங்க' என்று நர்ஸ் சொல்வது வெறும் சுத்தத்துக்காக மட்டும் அல்ல. ஏன் என்று பார்க்கும் முன், இந்த வண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

முதல் நெயில் பாலிஷ், இலையும் பூவும்தான்!

நகத்துக்குச் சாயம் பூசும் ஆசை, பாட்டில் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. எகிப்தில் கிடைத்த மம்மிகள் சிலவற்றின் முடியிலும் நகத்திலும் மருதாணிச் சாயத்தின் தடயம் காணப்பட்டிருக்கிறது. மருதாணி இலையில் இருக்கும் 'லாசோன்' என்ற சாயப்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. நகமும் தோலின் மேற்பரப்பும் முடியும் 'கெரட்டின்' என்ற புரதத்தால் ஆனவை. லாசோன் அந்தப் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கை மருதாணி இரண்டு வாரங்களில் மங்கிவிட, நகத்தில் பிடித்த சிவப்பு மட்டும் மாதக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் இதுதான். தோல் உரிந்து புதிதாகிக்கொண்டே இருக்கும், நகம் உரியாது. வளர்ந்து, வெட்டி எறியும் வரை சாயமும் கூடவே இருக்கும்.

சீனாவிலும் கொரியாவிலும் இந்த வேலையைச் செய்தது ஒரு பூ. அதன் இதழ்களைப் படிகாரத்தோடு சேர்த்து அரைத்து, நகத்தின் மேல் வைத்து, துணியால் கட்டிவிட்டுத் தூங்குவார்கள். காலையில் அவிழ்த்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. கோடையில் வைத்த இந்தச் சாயம் குளிர்காலத்தின் முதல் பனி விழும்வரை நகத்தில் மிச்சம் இருந்தால், முதல் காதல் கைகூடும் என்பது கொரியப் பெண்களின் நம்பிக்கை. அந்தப் பூ வேறொன்றும் இல்லை... நம் ஊர் வீட்டுத் தோட்டங்களில் மழைக்காலத்தில் தானாகவே முளைத்துப் பூக்கும் காசித்தும்பைதான்!

சீன அரண்மனையில் நகம் என்பது அந்தஸ்தின் அடையாளம். நீளமான நகம் வைத்திருக்கிறார் என்றால், அவர் கையால் ஒரு வேலையும் செய்யத் தேவையில்லாதவர் என்று அர்த்தம். சிங் வம்சத்தின் பேரரசி சிஷி 1900-களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட புகைப்படங்களில் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நீண்ட கூர்மையான நகக்கவசங்களை அணிந்திருப்பதைப் பார்க்கலாம். வளர்த்த நகம் உடையாமல் இருப்பதற்கான கவசம் அது.

அடுப்படியில் வெடித்த ஏப்ரன்

நவீன நெயில் பாலிஷின் கதை அரண்மனையில் தொடங்கவில்லை. ஒரு சமையலறையில் தொடங்குகிறது. 1840-களின் மத்தியில், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வாழ்ந்த வேதியியல் பேராசிரியர் கிறிஸ்டியன் ஷோன்பைன் வீட்டில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் பிரபலமானது. சமையலறையில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கொட்டிவிட்டன. கையில் கிடைத்த மனைவியின் பருத்தி ஏப்ரனை எடுத்துத் துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டார். காய்ந்ததும் ஏப்ரன் 'பக்'கென்று பற்றி, இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோனது.

இந்தக் கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, அவர் கண்டுபிடித்த பொருள் நிஜம். அமிலத்தில் ஊறிய பருத்தி, 'நைட்ரோசெல்லுலோஸ்' என்ற புதிய பொருளாக மாறியிருந்தது. புகை கக்காத வெடிமருந்து தேடிக்கொண்டிருந்த ராணுவங்கள் இதைக் கொத்திக்கொண்டு போயின. 'வெடிபஞ்சு' என்றே இதற்குப் பெயர் வந்தது.

ஆனால், இந்தப் பஞ்சுக்கு இன்னொரு முகமும் இருந்தது. வெடிக்கும் அளவுக்கு வீரியம் இல்லாத வகையைத் தயாரித்து, ஒரு திரவத்தில் கரைத்துப் பூசினால், திரவம் ஆவியாகி, கண்ணாடி போன்ற மெல்லிய படலம் மிச்சமாகும். 1840-களின் பிற்பகுதியிலேயே மருத்துவர்கள் இதைக் காயத்தின் மேல் பூசத் தொடங்கிவிட்டார்கள். 1851-ல் புகைப்படத் தட்டுக்கு வந்தது. பிறகு, கற்பூரம் சேர்த்து 'செல்லுலாய்ட்' ஆனது. சீப்பு, பொம்மை, பில்லியர்ட்ஸ் பந்து என்று உருமாறி, கடைசியில் சினிமாவின் படச்சுருளாகவும் ஆனது.

அந்த நைட்ரேட் படச்சுருள் பற்றிக்கொண்டால் அணைப்பது மிகக் கடினம். எரிவதற்குத் தேவையான ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், தண்ணீருக்கு அடியில்கூட எரியும். எரியாவிட்டாலும், ஆண்டுகள் போகப் போகத் தானே சிதைந்து பொடியாகிவிடும். உலகம் முழுக்க மௌனப் படங்கள் பெருமளவில் அழிந்துபோனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நடராஜ முதலியார் 1910-களில் எடுத்த, தமிழகத்தின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' உருவானது இந்தப் படச்சுருள் காலத்தில்தான். அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

காரிலிருந்து கைக்கு!

முதல் உலகப் போர் முடிந்ததும் வெடிமருந்துக்கான தேவை சட்டென்று குறைந்தது. நைட்ரோசெல்லுலோஸுக்கு வேறு வேலை தேட வேண்டிய நிலை. அப்போது கை கொடுத்தது கார். அதுவரை ஒரு காருக்கு பெயின்ட் அடித்துக் காயவைக்க நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டின் புகழ்பெற்ற 'மாடல் டி' கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. 1923-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம், நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட 'டூகோ' பெயின்ட்டைக் கொண்டுவந்தது. சில மணி நேரங்களில் காய்ந்தது, பளபளத்தது, பல வண்ணங்களில் கிடைத்தது. சாலைகளில் கலர் கலராக கார்கள் ஓடத் தொடங்கின.

அதே காலகட்டத்தில் பெண்களின் நகத்துக்கும் மாற்றம் வந்துகொண்டிருந்தது. 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பொடியையும் க்ரீமையும் தடவி, மெல்லிய தோலால் தேய்த்துத் தேய்த்துத்தான் நகத்தைப் பளபளக்க வைத்தார்கள். 'பாலிஷ்' என்ற பெயரே அந்தத் தேய்ப்பிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது. 1911-ல் நார்தம் வாரன் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய 'க்யூடெக்ஸ்' பிராண்ட், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் திரவ நெயில் பாலிஷையும் விற்கத் தொடங்கியது. கார் பெயின்ட்டின் அதே தொழில்நுட்பம் இங்கும் புகுந்தது. 1920, 30-களில் நகத்தின் நடுப்பகுதிக்கு மட்டும் வண்ணம் பூசி, அடியில் உள்ள பிறையையும் நுனியையும் அப்படியே விட்டுவிடுவதுதான் ஃபேஷன்.

அன்றைய பாலிஷ்கள் பெரும்பாலும் கண்ணாடி போலத் தெரியும் மெல்லிய சாயங்கள். அடியில் உள்ள நகம் தெரியும். 1932-ல் நியூயார்க்கில் சார்லஸ் ரெவ்சன், அவர் அண்ணன் ஜோசஃப், வேதியியலாளர் சார்லஸ் லாக்மன் மூவரும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ரெவ்சன் பெயரில் உள்ள 'எஸ்' எழுத்துக்குப் பதிலாக லாக்மனின் 'எல்' எழுத்தைப் போட்டால் 'ரெவ்லான்'. சாயத்துக்குப் பதில் நிறமிகளைப் பயன்படுத்தி, அடி நகம் தெரியாத அளவுக்கு அடர்த்தியான வண்ணங்களை அவர்கள் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் வேலையும் வருமானமும் இல்லாமல் மக்கள் திண்டாடிய பெருமந்தக் காலம் அது. புதுச் சேலை, புதுக் கவுன் வாங்க முடியாத நேரத்திலும் ஒரு குட்டி பாட்டில் வாங்க முடிந்தது. முதலில் பியூட்டி பார்லர்களுக்கு விற்றார்கள். பிறகு கடைகளுக்கு வந்தார்கள். உதட்டுக்கும் நகத்துக்கும் ஒரே நிறம் என்ற யோசனையை விளம்பரங்கள் மூலம் பழக்கமாகவே மாற்றிவிட்டார்கள்.

இந்தியாவில் இந்தக் கதை 1952-ல் திரும்புகிறது. அழகுசாதனப் பொருள்களுக்காக அந்நியச் செலாவணி வெளியே போவதைக் கண்டு பிரதமர் நேரு, ஜே.ஆர்.டி. டாடாவிடம் இங்கேயே தயாரிக்கச் சொன்னதாகக் கூறப்படுகிறது. டாடா குழுமத்தில் பிறந்தது 'லாக்மே'. 1883-ல் அரங்கேறிய பிரெஞ்சு இசை நாடகத்தின் நாயகி பெயர் அது. யோசித்துப் பார்த்தால் நமக்குத் தெரிந்த பெயர்தான். லட்சுமி என்பதன் பிரெஞ்சு வடிவம்!

பாட்டிலுக்குள் கற்பூரம்

இன்றைக்கும் சாதாரண நெயில் பாலிஷின் அடிப்படை அதே நைட்ரோசெல்லுலோஸ்தான். பயப்பட வேண்டாம்... இது வெடிக்கும் வகை அல்ல. எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்களில் அதைக் கரைத்திருப்பார்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனை அவற்றுடையதுதான். பூசியதும் கரைப்பான் ஆவியாகி, படலம் நகத்தில் தங்கும்.

வெறும் நைட்ரோசெல்லுலோஸ் படலம் விறைப்பானது. எளிதில் விரிசல் விடும். அதை வளைந்து கொடுக்க வைக்கச் சேர்க்கும் பொருள்களில் ஒன்று கற்பூரம். செல்லுலாய்டில் செய்த அதே வேலையை நெயில் பாலிஷிலும் அது செய்கிறது. முத்துப் போன்ற மினுமினுப்புக்கு அந்தக் காலத்தில் மீன் செதிலிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்தார்கள். இப்போது பெரும்பாலும் மைக்கா போன்ற கனிமங்கள். பாட்டிலை ஆட்டும்போது உள்ளே 'கடகட'வென்று உருளும் குட்டி குண்டுகள், அடியில் தங்கிய நிறமியைக் கலக்குவதற்காக.

இரண்டாவது கோட் அடிக்கும் முன் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதும் இப்போது புரியும். புதிதாகப் பூசும் பாலிஷில் இருக்கும் கரைப்பான், காயாத முதல் கோட்டையும் சேர்த்துக் கரைத்துவிடும். பிரஷ் பட்டதும் அது சுருண்டு இழுபடும். ரிமூவரில் உள்ள அசிட்டோன் செய்வதும் இதையேதான். படலத்தை மீண்டும் கரைத்து, பஞ்சில் ஏற்றிவிடுகிறது.

20 பெண்களின் விரல்களில் விடிந்த வாழ்க்கை

நெயில் பாலிஷை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. 1975 ஏப்ரலில் வியட்நாம் போர் முடிந்தது. சைகோனிலிருந்து தப்பியவர்கள் அமெரிக்காவில் அகதிகளாக இறங்கினார்கள். கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோ நகருக்கு அருகே இருந்த 'ஹோப் வில்லேஜ்' முகாமுக்கு உதவி செய்ய வந்தார் டிப்பி ஹெட்ரன். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தின் கதாநாயகி.

அந்தப் பெண்களுக்கு ஏதாவது கைத்தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தையல், டைப்பிங் என்றெல்லாம் அவர் முயன்றுகொண்டிருந்தார். அவர்களோ ஹெட்ரனின் அழகான நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கவனித்தவர், தன் நக அலங்கார நிபுணரை வரவழைத்து வாராவாரம் வகுப்பு எடுக்கவைத்தார். 20 பெண்கள் கற்றுக்கொண்டு, பயிற்சி முடித்து, உரிமம் வாங்கி வேலைக்குப் போனார்கள். மொழி சரளமாக வராவிட்டாலும் செய்யக்கூடிய வேலை. பெரிய முதலீடு இல்லாமல் தொடங்கக்கூடிய தொழில். அக்கா தங்கைக்கும், சித்தி மகளுக்கும் கற்றுக்கொடுக்க, தொழில் சமூகம் முழுக்கப் பரவியது. இன்று அமெரிக்காவின் நெயில் சலூன் தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வியட்நாமிய வம்சாவளியினர். நாடு இழந்து வந்தவர்களின் குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்தக் குட்டி பாட்டில்.

35 வருடம் நகத்தை அளந்த டாக்டர்

இனி, பாலிஷுக்கு அடியில் இருக்கும் நகத்துக்கு வரலாம். நாம் பார்க்கும் நகம் உயிரற்றது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிர் இருப்பது அடியில், தோலுக்குள் மறைந்திருக்கும் நக வேரில். அங்கே உருவாகும் செல்கள் கெட்டியாகி, தட்டையாகி, முன்னால் தள்ளப்பட்டு நகமாகின்றன. கட்டை விரலில் வெள்ளையாகத் தெரியும் பிறை, அந்த வேரின் எட்டிப்பார்க்கும் நுனி. 'நகமும் சதையும் போல' என்று நெருக்கத்துக்கு உவமை சொல்வது சும்மா இல்லை.

அமெரிக்க மருத்துவர் வில்லியம் பென்னட் பீன், 1941-ல் ஒரு விசித்திரமான வேலையைத் தொடங்கினார். மாதத்தின் முதல் நாள், தன் இடது கட்டை விரல் நகத்தின் அடியில், தோல் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வார். அந்தக் கோடு வளர்ந்து நுனிக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று குறித்து வைப்பார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல... 35 வருடங்கள்! 1980-ல் வெளியான அவரது கட்டுரைப்படி, 32 வயதில் தினமும் 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீட்டர்தான் வளர்ந்தது. வயது ஏற ஏற நகத்தின் வேகமும் குறைகிறது என்பதற்கு அவர் விரலே சாட்சி.

சராசரியாகக் கை நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும். கால் நகத்தின் வேகம் அதில் ஏறத்தாழ பாதிதான். ஒரு கை நகம் முழுதாகப் புதுசாக சுமார் 6 மாதம் ஆகும். கால் கட்டை விரலுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம். கால் நகத்தில் பூஞ்சைத்தொற்று வந்தால், மாத்திரை முடித்த பிறகும் நகம் அசிங்கமாகவே தெரிவது இதனால்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. பழைய நகம் இன்னும் வெளியேறவில்லை.

வெட்டாமலே விட்டால் என்ன ஆகும்? புனேயைச் சேர்ந்த ஸ்ரீதர் சில்லால் 1952-லிருந்து இடது கை நகங்களை வெட்டவே இல்லை. 66 ஆண்டுகளுக்குப் பிறகு 2018-ல் நியூயார்க்கில் அவற்றை வெட்டியபோது, ஐந்து நகங்களின் மொத்த நீளம் 909.6 சென்டிமீட்டர். கின்னஸ் சாதனைதான். ஆனால், அந்தக் கையை மறுபடியும் நன்றாக மடக்கவும் நீட்டவும் முடியாத அளவுக்கு அது பாதித்திருந்தது.

கொக்கு போட்ட பூவா, கால்சியம் குறைவா?

நகத்தில் சின்னதாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால் புதுத்துணி கிடைக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. வானத்தில் கொக்குக் கூட்டம் பறந்தால், விரல்களை ஆட்டி ஆட்டி நகத்தில் பூ போடச் சொல்லிக் கத்தாத குழந்தைகள் ஒரு காலத்தில் கிடையாது. கொஞ்சம் வளர்ந்ததும் 'கால்சியம் குறைவு' என்று பயமுறுத்துவார்கள். இரண்டும் இல்லை. பெரும்பாலும் அது, சில வாரங்களுக்கு முன் நக வேரில் பட்ட சின்ன அடியின் அடையாளம். கதவிலோ மேஜையிலோ இடித்துக்கொண்டதை நாம் மறந்திருப்போம், நகம் மறக்காது.

இறந்த பிறகும் நகம் வளரும் என்பது இன்னொரு கட்டுக்கதை. நீர்ச்சத்து வற்றித் தோல் சுருங்கிப் பின்வாங்குவதால், நகம் நீண்டதுபோலத் தோன்றுகிறது. அவ்வளவுதான். 'பாலிஷ் போட்டால் நகம் மூச்சு விட முடியாது' என்பதும் சரியல்ல. நகத்துக்கு வேண்டியதெல்லாம் ரத்தத்தின் வழியாக அடியிலிருந்துதான் வருகிறது. ஆனால், அடர் நிற பாலிஷை நீண்ட காலம் விடாமல் போட்டால் நகம் மஞ்சளாகலாம், மேற்பரப்பு சொரசொரப்பாகலாம்.

நகம் சொல்லும் சேதி

1846-ல் பிரெஞ்சு மருத்துவர் ஜோசஃப் போ, கடுமையான நோயிலிருந்து மீண்டவர்களின் நகங்களில் குறுக்காகப் பள்ளம்போல ஒரு கோடு விழுவதை விவரித்தார். உடம்பு பெரிய நெருக்கடியில் இருக்கும்போது நக வேர் சில நாள்கள் வேலையை நிறுத்திவிடும். அந்த இடைவெளிதான் பள்ளம். தோலிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு இருந்தால், சுமார் 2 மாதங்களுக்கு முன் ஏதோ நடந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம்.

குழந்தைகளுக்கு வரும் கை, கால், வாய் நோய்க்குப் பிறகும் இப்படி நடப்பதுண்டு. கொப்புளங்கள் ஆறி, எல்லாம் சரியாகிப் பல வாரங்கள் கழித்து நகம் கழன்று விழும். பார்க்கும் பெற்றோர் பதறிவிடுவார்கள். அடியில் புது நகம் வளர்ந்துகொண்டிருக்கும், தானாகவே சரியாகிவிடும்.

நகம் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீரை ஏந்தும் ஸ்பூன்போல இருந்தால், இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு 5. எல்லோருக்கும் நகம் குழியாது. ஆனால், குழிந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

விரல் நுனி உருண்டு, நகம் கிளி மூக்குபோல வளைந்தால் நுரையீரல், இதய நோய்களின் அறிகுறியாக இருக்கலாம். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கைகளிலும் ஒரே விரலை எடுத்து, நகத்தோடு நகம் படும்படி ஒட்டிவைத்துப் பாருங்கள். நகங்களின் அடியில் வைர வடிவத்தில் குட்டி ஜன்னல் தெரிந்தால் சரி. ஜன்னல் மூடியிருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத், தனக்கே இதய உள்ளுறையில் தொற்று வந்தபோது தன் விரல்களைக் கவனித்து, 1976-ல் எழுதிய சோதனை இது.

பாடகர் பாப் மார்லியின் கதை இன்னும் உருக்கமானது. 1977-ல் அவர் கால் விரல் நகத்துக்கு அடியில் இருந்த கறுப்பு, ஃபுட்பால் ஆடியபோது பட்ட அடி என்றே நினைக்கப்பட்டது. அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய். 1981 மே மாதம், 36 வயதில் அவர் இறந்துபோனார். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோல் கொண்டவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது சகஜம், பயப்படத் தேவையில்லை. ஆனால், ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கருங்கோடு தோன்றி, அகலமாகிக்கொண்டே போனாலோ, பக்கத்துத் தோலுக்கும் கறுப்பு பரவினாலோ தோல் மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.

இந்த அறிகுறிகளில் பலவற்றை அடர்த்தியான நெயில் பாலிஷ் மறைத்துவிடும். ஒன்றை அழித்த கையோடு அடுத்ததைப் போடும் பழக்கம் இருந்தால், மாதக்கணக்கில் சொந்த நகத்தையே பார்த்திருக்க மாட்டோம்.

ஆபரேஷன் தியேட்டரில் ஏன் தடை?

கொரோனா காலத்தில் வீடு வீடாக வந்து சேர்ந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஞாபகம் இருக்கும். 1974-ல் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி கண்டுபிடித்த தொழில்நுட்பம் அது. விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் பாயும். ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து ஆக்ஸிஜன் அளவைச் சொல்லும். ஒளி நகத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் கறுப்போ, நீலமோ, பிரவுனோ பூசியிருந்தால் அளவு தவறிப்போகலாம்.

மயக்க மருந்து கொடுத்த நோயாளியால் 'மூச்சு முட்டுது' என்று சொல்ல முடியாது. அவருக்காகப் பேசுவது அந்தக் கருவியும், நகத்தின் நிறமும்தான். ஆக்ஸிஜன் குறைந்தால் நகம் நீலம் பாய்ந்துவிடும். அவசரச் சிகிச்சையில் நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடம் எத்தனை நொடியில் மீண்டும் சிவக்கிறது என்று பார்ப்பார்கள். 2 நொடிகளுக்குள் திரும்பினால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று பொருள். பாலிஷ் போட்ட விரலில் இது எதுவும் தெரியாது. பிரசவத்துக்கு நாள் குறித்த கர்ப்பிணிகள், கடைசி வாரங்களில் ஜெல் நெயில் போட்டுக்கொள்வதைத் தவிர்ப்பது நல்லது. அவசரத்தில் அதை அழிப்பது லேசான வேலை அல்ல.

ஜெல் நெயில்... எதில் கவனம்?

இப்போது பார்லர்களில் ஜெல் நெயில்தான் ட்ரெண்ட். சாதாரண பாலிஷ் கரைப்பான் ஆவியாவதால் காயும். ஜெல் அப்படி அல்ல. புறஊதா விளக்கின் ஒளி பட்டதும் வேதிவினை நடந்து பிளாஸ்டிக்போல இறுகும். வாரக்கணக்கில் நிற்பதற்கு அதுதான் காரணம். இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு அலர்ஜி வரலாம். வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் போகாது. அதே குடும்ப ரசாயனங்கள் பல் அடைக்கும் சிமென்ட்டிலும் இருப்பதால், பிற்பாடு பல் சிகிச்சையிலும் சிக்கல் ஏற்படலாம்.

2023-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வளர்த்த செல்களின் மேல் இந்த விளக்கொளியை 20 நிமிடங்கள் பாய்ச்சியதில், 20 முதல் 30 சதவிகித செல்கள் இறந்தன. ஆய்வகத் தட்டில் நடந்தது அப்படியே விரலிலும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், விளக்கில் கையை வைக்கும் முன் சன்ஸ்க்ரீன் தடவுவதோ, விரல் நுனி திறந்த கையுறை அணிவதோ சுலபமான பாதுகாப்பு. ஜெல்லை இறுகவைக்கும் 'டிபிஓ' என்ற ரசாயனத்தை அழகுசாதனங்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் தடை விதித்திருக்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* பாலிஷும் ரிமூவரும் எளிதில் தீப்பற்றக்கூடியவை. அடுப்பு, குத்துவிளக்கு, கொசுவத்தி எரியும் இடத்தில் பூசுவதோ அழிப்பதோ கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்துப் பூசவும்.

* ரிமூவர் பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடும் ஆபத்து உண்டு.

* அடர் நிறம் போடும் முன் நிறமில்லாத பேஸ் கோட் ஒன்று பூசினால், நகத்தில் மஞ்சள் கறை பிடிப்பது குறையும்.

* ஜெல்லைப் பிய்த்து எடுக்கக் கூடாது. நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

* நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை பார்லரில் வெட்டச் சொல்ல வேண்டாம். கிருமி உள்ளே போகாமல் தடுக்கும் கதவு அது. வெட்டினால் நகச்சுத்தி வர வழியாகிவிடும்.

* பாத்திரம் கழுவி, துணி துவைத்து, அடிக்கடி நனைந்து காயும் நகம் பிளவுபடும். கையுறை அணியலாம், வேலை முடிந்ததும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

* மாவு பிசைபவர்கள், குழந்தைக்குக் கையால் ஊட்டுபவர்கள் நகத்தைச் சின்னதாக வைத்திருப்பதே நல்லது. நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் பணியில் இருப்பவர்கள் செயற்கை நகம் அணியக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

* ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும் முன் கை, கால் இரண்டிலும் பாலிஷை அழித்துவிடவும். மருதாணி வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடவும்.

பிடித்த நிறத்தைப் பூசிக்கொள்வதில் தப்பே இல்லை. ஒன்றை அழித்துவிட்டு அடுத்ததைப் போடும் முன் நகத்துக்குச் சில நாள்கள் ஓய்வு கொடுங்கள். அந்த இடைவெளியில் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் பத்து நகங்களையும் பாருங்கள். வீட்டில் அம்மாவின் கையையும், பாட்டியின் கால் விரல்களையும் சேர்த்துப் பாருங்கள். தங்களுக்கென்று நேரம் ஒதுக்கி மருத்துவரிடம் போகாதவர்கள் அவர்கள்தானே!